வலது காது

கோல்கீப்பர் இவரைத்தான் பார்க்கிறான்.

எதிரணிப் பயல். பந்தைப் பார்க்கவில்லை, உதைக்கப் போகிறவனையும் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் இவர் முகத்தைப் பார்க்கிறான்.

அட மடையா, உன் கோச் அந்தப் பக்கமல்லவா நிற்கிறான்!

அந்தப் பக்கம் நிற்பவன் கல்லூரித் தாளாளரின் மருமகன். பந்தை உதைத்ததைவிட விசில் ஊதியதுதான் அதிகம். இப்போதுகூடக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான். இவனுக்கு இடம் வேண்டும் என்றுதான் போன வருஷம் இவரைத் துரத்தினார்கள். தலை நரைக்கும்வரை அந்தக் கல்லூரிக்குக் கோப்பை கோப்பையாக வாங்கிக் கொடுத்த மனுஷனை.

“வயசாயிட்டுல்லா சார். வீட்ல பேரப்பிள்ளையக் கொஞ்சிக்கிட்டு இருங்க.”

பையன்கள் முன்னாலேயே தாளாளர் சொன்னார். ஒரு சால்வைகூடப் போர்த்தவில்லை.



நேராகப் போட்டிக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். எல்லாம் இந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான். பழைய மைதானம். பழைய கல்லூரி நடத்தும் போட்டி. கோப்பையைத் தாளாளர்தான் கொடுத்தாக வேண்டும். அந்தக் கையிலிருந்தே வாங்க வேண்டும். அந்த மூஞ்சி சுண்டிப்போவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

இந்தப் பெனால்டி உள்ளே போனால் போதும்.

கீப்பர் ரெக்ஸன் மணப்பாட்டுக்காரன். பழைய கல்லூரியில் முதலாம் ஆண்டிலேயே இவர் கைக்கு வந்தவன். உதைக்கப் போகிறவன் நிற்கும் விதத்தை வைத்தே பந்து போகும் பக்கத்தை இவர் சொல்லிவிடுவார். வலது காதைத் தொட்டால் வலப்பக்கம் பாய வேண்டும். இடது காது என்றால் இடப்பக்கம்.

பெனால்டி என்றதும் பயலின் கண் பழக்கத்தில் இவரிடம் வந்துவிட்டது. இவர் இன்று எதிரணி கோச் என்பது அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

உதைக்கப் போகிறவன் கீப்பரின் இடப்பக்கம்தான் அடிப்பான். சொல்லி அனுப்பியதே இவர்தான்.

இவர் வலது காதைத் தொட்டார்.

ரெக்ஸன் வலப்பக்கம் பாய்ந்தான்.

பந்து மறுபக்கம் போய் வலையில் விழுந்தது.

கோப்பையை நீட்டியபோது தாளாளர் வேறெங்கோ பார்த்தார். இவர் விடவில்லை. அந்த ஆள் நிமிர்ந்து பார்க்கும்வரை கையைக் குலுக்கிக்கொண்டே நின்றார். தாளாளர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆகா, என்ன சுகம்! இனிச் செத்தாலும் பரவாயில்லை.

மேடைப் படிக்குக் கீழே ரெக்ஸன் நின்றான். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்தது.

கேட்கப் போகிறான். கேட்கட்டும். நாலு பேர் முன்னால் திட்டினாலும் திட்டட்டும்.

ரெக்ஸன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கை கொடுத்தான்.

“சார், நீங்க சரியாத்தான் காட்டியிருப்பிய. நான்தான் பதட்டத்துல காத மாத்திப் பாத்துட்டேன். கோவிச்சுக்கிடாதீய சார்.”

பையன்கள் இவரைத் தூக்க ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

“பரவால்லடே,” என்றார். “இனிமேயாவது கவனமாப் பாரு.”