முழுப் பெருமையும் அவருக்கே

மைக் அவன் கைக்கு வந்துவிட்டது.

"அக்கா பேரைச் சொல்லி ஆரம்பிங்க மாமா," என்று பக்கத்து நாற்காலியிலிருந்து மைத்துனன் காதைக் கடித்தான்.

மேடையில் தலைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் திரை முழுக்க ஒரு கோடு. இடமிருந்து வலமாக, கீழிருந்து மேலாக. மாநிலத்தின் வளர்ச்சியாம். மக்களும் தலைவரும் நேருக்கு நேர் பேசும் நிகழ்ச்சி, எல்லாச் சேனலிலும் நேரலை.

அவன் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். அந்தக் கோட்டை ஏற்றியது யார் என்று வகுப்பில் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவான். துறைமுகம் கட்டியவர்கள், ஒரு தலைமுறைக்கு முன்பே பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள், எங்கோ ஒரு நாட்டில் குறைந்த வட்டி, நேரத்துக்குப் பெய்த மழை. ஒரே ஆள் ஏற்றிய கோடு உலகத்தில் எங்கேயும் கிடையாது.

அவன் மனைவி அவ்வளவு தூரம் சுற்ற மாட்டாள். தொழிற்சாலையில் கம்பிகளைப் பற்றவைக்கும்போது சுட்டுச் சுட்டுத் தழும்பேறிய ஆள்காட்டி விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"வாத்தியாரே, இந்த விரலு எத்தனை பர்சென்ட்? முதல்ல அதைச் சொல்லு."

அவள் வேலை பார்த்தது தொழிற்பேட்டையின் புதுக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில்.

தீப்பிடித்த அன்று, அவசர வழி என்று எழுதியிருந்த கதவைத் திறந்திருக்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு இல்லை. இனிமேல்தான் கட்டுவதாக இருந்தார்களாம்.

முன்னால் ஓடியவர்கள் விழுந்தார்கள். பின்னால் நின்றவர்கள் புகையில் போனார்கள். அவள் பின்னால் நின்றவள்.

கட்டடத்துக்கு அனுமதி கொடுத்த இரண்டு அதிகாரிகள் சிறையில் இருக்கிறார்கள். விசாரணைக் கமிஷன் நடக்கிறது.

மாமா இன்று எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப்போகிறார் என்று நம்பித்தான் மைத்துனன் கூட வந்திருந்தான்.

அப்படிக் கேட்டுவிடுவானோ என்ற பயம் நிகழ்ச்சி நடத்தும் பெண்ணுக்கு இல்லை. உள்ளே விடுவதற்கு முன்பே கேள்வியைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டாள். "நல்லா காரமா இருக்கு சார். தலைவர் விளாசித் தள்ளிடுவாரு," என்று சிரித்தாள். அவன் யாரை இழந்தவன் என்று அவள் கேட்கவில்லை.

அவன் எழுந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஐயா, தொழிற்பேட்டை வந்து ஊரே மாறிடுச்சு. ஆனா சிலர் சொல்றாங்க, எல்லாம் அதிகாரிங்க செஞ்ச வேலையாம். நீங்க வந்து ரிப்பன் மட்டும் வெட்டிட்டுப் போனீங்களாம். நிஜமா ஐயா?"

அரங்கில் உச்சுக் கொட்டினார்கள். யாரோ சிரித்தார்கள்.

மைத்துனன் அவனை அண்ணாந்து பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாத பார்வை. பிறகு சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான்.

"இதுக்கா மாமா வந்தோம்? ஜால்ரா போடவா? எங்க அக்கா உங்களுக்கு அவ்வளவு மட்டமாப் போயிட்டாளா?"

அவன் திரும்பவில்லை. அவள் இருந்திருந்தால் இதைவிட மோசமாகத் திட்டியிருப்பாள். அவள் விரலின் பங்கையும் சேர்த்துத்தானே இப்போது தூக்கிக் கொடுக்கிறான். துறைமுகத்தின் பங்கு, மழையின் பங்கு, எல்லாவற்றையும்.

எடுத்துக்கொள். ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொள்.

தலைவர் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை. ரிப்பன் என்ற சொல் அவருக்கு எங்கே தைக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவள் போன நாளிலிருந்து இந்த மனிதரின் பேச்சைத் தவிர வேறு எதையும் அவன் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"எவன் சொன்னான் அதிகாரி செஞ்சான்னு? அந்தப் பேட்டையில ஒரு கட்டடம், ஒரே ஒரு கட்டடம், என்னைக் கேக்காம திறந்ததில்ல. இன்னும் வேலை பாக்கி, பரிசோதனை பாக்கின்னு ஃபைலைக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருந்தாங்க அதிகாரிங்க. நான்தான் சொன்னேன்: திற, வர்றதை நான் பாத்துக்கறேன். திறந்தாங்க. இதுக்குப் பேரு ரிப்பன் வெட்டுறதா?"

முதலில் கைதட்டியது அவன்தான். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கை எரிய எரியத் தட்டினான். அரங்கம் பிடித்துக்கொண்டது. விசில் பறந்தது.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை.

கமிஷனில் தலைவருக்காக ஆஜராகும் வக்கீல். போன வாரம்தான் அவர் நீதிபதி முன்னால் எழுந்து, பணிவாகச் சொல்லியிருந்தார். தீப்பிடித்த கட்டடத்தைத் திறந்தது முழுக்க முழுக்க அதிகாரிகளின் முடிவு. தலைவருக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது வக்கீல் பாதி எழுந்த நிலையில், மேடையைப் பார்த்து, போதும் போதும் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தலைவர் அந்தப் பக்கம் பார்ப்பதாக இல்லை.

மைத்துனன் வக்கீலைப் பார்த்தான். மேடையைப் பார்த்தான். சட்டையைப் பிடித்திருந்த கையை மெல்ல விட்டான்.

நிகழ்ச்சி நடத்தும் பெண் வந்து மைக்குக்காகக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"ஐயா, கைதட்டுல பின்னாடி இருக்கறவங்களுக்குச் சரியாக் கேக்கலை. திறக்கச் சொன்னது யாருன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.