நாலு இடைவெளி

வெறும் காலியிடம்தானே என்று நாலு இடைவெளியை அழித்தீரே, உமக்குக் கை சும்மாவே இருக்காதா?

அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டாரை ஓட்டும் புரோகிராமில் மூன்று வரிகள் இருந்தன. ‘தொட்டி நிரம்பினால்’ என்பது முதல் வரி. அதன் கீழே நாலு இடைவெளி உள்ளே தள்ளி ‘மணியடி’யும் ‘மோட்டாரை நிறுத்து’வும் நின்றன. உள்ளே நிற்கிறவர்கள்தான் முதல் வரியின் பேச்சைக் கேட்பார்கள். இன்று காலை கடைசி வரி மட்டும் இடது ஓரத்தில் கிடந்தது.

மோட்டார் உறுமியது. ‘நிறுத்து’ அந்த நொடியே அதை நிறுத்தியது.

“அடேய், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லைடா!” என்று கத்தியது முதல் வரி.

“அதைக் கேட்க நீ யாரு? என்னைத்தான் உன் வீட்டை விட்டு வெளியே தள்ளியாச்சே. இனி நிரம்பினாலும் நிறுத்துவேன், காய்ந்தாலும் நிறுத்துவேன்.”

“பாவம்டா, மூணாவது மாடியில் ஒருத்தர் தலை நிறைய சோப்போடு நிற்கிறார்” என்றது ‘மணியடி’.

“நிற்கட்டும். இடைவெளியை அழித்த புண்ணியவான் அவர்தான்!”

கேட்டீரா ஐயா? கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே வாரும். அந்த நாலு இடைவெளியையும் எடுத்த இடத்திலேயே வையும்.