ஆறுதல் வகுப்பு

நாற்பது நாடுகளைச் சுற்றி, போன இடமெல்லாம் சாமி கும்பிட்டு வந்த ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியருக்கு வயது தொண்ணூறு. தன் பக்திக்கு நோய் தன்னை அண்டாது, வந்தால் மனைவிக்குத்தான் வரும் என்பது அவர் கணக்கு. அவளும் மறுத்துப் பேசியதில்லை.

அன்று இருவரையும் பரிசோதித்த டாக்டர், ரிப்போர்ட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு. இனி கடவுள் விட்ட வழிதான்."

பேராசிரியர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதே. சாவுங்கிறது இன்னொரு பயணம், அவ்வளவுதான். அவன் கூப்பிட்டா சிரிச்ச முகத்தோட கிளம்பணும். வைத்தியம் அது இதுன்னு அடம்பிடிக்கிறது பக்தியில்லை."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வகுப்பில் செய்வது போலக் கை காட்டி அவரை அடக்கிவிட்டு, பேராசிரியர் மேலும் முழங்கினார். அறுபது வருடப் பழக்கத்தில் அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

மூச்சு வாங்க அவர் நிறுத்தியதும் டாக்டர் சொன்னார்: "ஐயா, அம்மாவுக்கு ஒண்ணுமில்லை. நான் சொன்னது உங்க இதயத்தை."

பிடித்திருந்த கை நழுவியது.

"வெளிநாட்டுல நல்ல ஆஸ்பத்திரி ஏதாவது இருக்கா, டாக்டர்? எவ்வளவு செலவானாலும்..."

அவள் முதல்முறையாகக் குறுக்கே பேசினாள்.

"அடம்பிடிக்கிறது பக்தியில்லைங்க. எங்கே, கொஞ்சம் சிரிங்க பார்ப்போம்."