அறுபத்திரண்டு கிலோ

இது இப்படி நிற்கக் கூடாதே என்று ஜாஸ்மின் நினைத்துக்கொண்டாள். பீரங்கிக் குழாயைச் சமமாகத் தாங்கும் பீடத்தை வடிவமைத்தவள் அவள்தான். அவள் கணக்குப்படி குழாயின் பின்முனையில் அறுபத்திரண்டு கிலோ குறைகிறது. அதற்கான எடைக்கல் இன்னும் வரவில்லை. ஆனாலும் குழாய் தராசு முள்ளைப் போல அசையாமல் நின்றது.

கல் வரும்வரை காத்திருக்காமல் சோதிக்கச் சொன்னவர் மேலாளர் மாதவராஜ். பொம்மிடியிலிருந்து வரும் ஃபிட்டர் தீர்த்தகிரி அப்போதெல்லாம் பின்முனையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். "கல்லு எதுக்குங்க மேடம்? நான் சரியா அறுபத்திரண்டு. தீவாளி முடிஞ்சா மட்டும் கணக்க மாத்திக்கங்க" என்பார். அவளும் சிரித்திருக்கிறாள்.

போன மாதம் குழாய் பின்னால் சாய்ந்து அவரைத் தரையோடு நசுக்கியது. அவருடைய கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள்.

அதற்குப் பிறகுதான் குழாய் தானாகவே சமமாக நிற்கிறது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதினால் முன்முனை மெல்லத் தாழும். இரண்டு மணிக்கு மறுபடி உயரும். பட்டறையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மாதவராஜ் சான்றிதழை நீட்டினார். "டிசைன்ல ஒரு குறையும் இல்லன்னு ஆயிப்போச்சு. அதான் நிக்குதே, கையெழுத்துப் போட்டுடும்மா."

சங்கு ஊதியது. அவர் முதுகுக்குப் பின்னால் குழாயின் முன்முனை தாழ்ந்துகொண்டிருந்தது. ஜாஸ்மின் பேனாவை மூடினாள்.

"அவரு சாப்புடப் போயிட்டாருங்க சார்" என்றாள். "நான் போடலைங்க."