வேரைத் தேடும் வெளிச்சம்

குளிர்க்காற்றை ஊதியபடி மிஷின் உறுமுகிறது. தாடையில் முளைக்கும் முடியைப் போக்க வந்த அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுப் படுத்திருக்கிறாள். லேசர் போடும் பெண் அவள் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு நிறுத்துகிறாள். "முடியையே காணோமே, பிடுங்கிட்டீங்களா?" "சுத்தமா வரணும்னு நேத்தே ஒண்ணு விடாம எடுத்துட்டேன்மா," என்கிறாள் அக்கா பெருமையாக. வீடு பெருக்க ஆள் வருமுன் தானே பெருக்கி வைக்கிறவள் இவள். "போச்சு! வெளிச்சம் முடியில இருக்கற கறுப்பைத்தான் பிடிச்சுக்கும். அந்தச் சூடு இறங்கித்தான் வேரைச் சுடும். முடியே இல்லைன்னா எதைப் பிடிக்கும்?" நான் மிஷினின் கண்ணாடி முனையை எட்டிப் பார்க்கிறேன். இத்தனை பெரிய மிஷினுக்குக் கடுகளவு கறுப்பு வேண்டியிருக்கிறது! "நாலு வாரம் பிடுங்காதீங்க. வெளிய தெரிஞ்சா ஷேவ் பண்ணிக்கோங்க, வேர் உள்ளயே இருக்கும்." "ஷேவா? அவர் பார்த்துட்டா?" "மாமாவும் நீயும் ஒண்ணா நின்னு பண்ணுங்க," என்கிறேன். அக்கா சிரிக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து தினமும் மாமா எழுமுன் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு பிடுங்குகிறவள் அவள். மெதுவாக எழுந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறாள். கைப்பையைத் துழாவி, முடி பிடுங்கும் முனை தேய்ந்த ப்ளக்கரை எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைக்கிறாள். "இது வீட்ல இருந்தா என் கை சும்மா இருக்காது. நீயே வச்சுக்கோ. அடுத்த மாசம் வேரோட வர்றேன்."