வாசல் பெஞ்சு

பொங்கல் விடுமுறைக்கு விடுதி காலியாகிவிட்டது. கடைசிப் பெண்ணும் அப்பாவோடு கிளம்பிய பிறகு, மூன்று கல்லூரிகளைக் கட்டியெழுப்பிய சௌந்தரநாயகி, வளாகத்துக்குள்ளேயே இருந்த தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கடைத்தெரு வரை போய்வரலாம் என்று கைத்தடியோடு வாசலுக்கு வந்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த வாட்ச்மேன் வழிமறித்தான்.

"உள்ள தங்கற பொம்பளைங்க யாரா இருந்தாலும், வீட்டாளுங்க வந்து கூட்டிட்டுப் போனாத்தாம்மா விடணும். ஆரம்பத்துலேர்ந்து அதான் இங்க சட்டமாம்."

அவள் போட்ட சட்டம்தான். அது இல்லையென்றால் அந்தக் காலத்தில் ஒரு தகப்பனும் பெண்ணைப் படிக்க அனுப்பியிருக்க மாட்டான். தான் யாரென்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே திரும்பி, பெண்கள் காத்திருக்கும் சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அதில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"உங்காளுங்க வந்தா கூப்பிடுறேன். பேரு என்னம்மா?"

ஊருக்கே அவள் 'அம்மா'தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது.

"சௌந்தரா" என்றாள்.

மறந்துவிடாமலிருக்க அவன் அதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தான்.

கூட்டிப்போக ஆள் வந்துவிட்டதுபோல அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.