மூணு மணி நாலு நிமிஷம்

"பெட்டியைத் திற."

"மூணு மணி ஆயிடுச்சுக்கா. பூட்டியாச்சு."

"நாலு நிமிஷம்டா."

குமாஸ்தா நிமிரவில்லை. அரக்கை உருக்கி டெண்டர் பெட்டியின் பூட்டு வாயில் ஊற்றிக்கொண்டிருந்தான். எதிரில் நிற்பது கூடப் பிறந்த அக்கா. அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பெண்கள். ஏழு பேர் காலிலும் ஈரம். தரையெல்லாம் பாதமாகப் பதிந்து கிடந்தது.

விஷயம் இவ்வளவுதான். தெருத்தெருவாகச் சின்ன வண்டியில் வரும் குப்பையைக் கிடங்கில் இறக்கி, பிரித்து, பெரிய லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்த வேலையை நகராட்சி இந்தத் தடவை காண்ட்ராக்ட் விடுகிறது. இருபது வருஷமாகக் கிடங்கில் குப்பை பிரிப்பவர்கள் இந்தப் பெண்கள். வேறு யார் எடுத்தாலும் மெஷின் வந்துவிடும், இவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் நாற்பது பேர் சேர்ந்து சங்கம் வைத்து, தாங்களே டெண்டர் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஏன்க்கா லேட்டு?"

"கீழ வாட்ச்மேன் விடல. நாத்தமடிக்குதாம். கைகால் கழுவிட்டு மேல போங்கன்னு குழாயைக் காட்டினான். ஒரே குழாய், ஏழு பேரு. அப்புறம் நாலு மாடி. லிஃப்டுலயும் ஏறக் கூடாதாம்."

அவன் சுவரைக் காட்டினான்.

"அந்தக் கடிகாரத்தைப் பாருங்க. எல்லாரும் பாருங்க. இந்த ரூமுக்கு அதுதான் நேரம்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கு. இப்ப மணி என்ன?"

ஏழு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மூணு அஞ்சு.

"உன் தம்பி கடிகாரத்தையே கட்டிக்கிட்டான் போலிருக்கே" என்றாள் ஒருத்தி.

யாரும் சிரிக்கவில்லை.

"உங்க இன்ஜினியர் எங்க? நான் அவர்கிட்டயே பேசிக்கிறேன்."

"யாரையோ கூட்டிட்டு வரக் கீழ போயிருக்கார்."

அக்கா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"டேய். நீ உக்காந்திருக்கியே இந்த நாற்காலி, அது நான் குப்பை அள்ளிப் போட்டது. நாற்பது வீட்டு அடுப்பு இந்தக் கவருக்குள்ள இருக்கு. யாரும் பார்க்கல. உள்ள போட்டுடு."

"முடியாதுக்கா."

அவள் கவரைக் கடிகாரத்துக்குக் கீழே கிடந்த ஸ்டூலில் விட்டெறிந்தாள்.

"அதை எடுத்துட்டுப் போக்கா. அடுத்த தடவைக்கு ஆகும்."

"கிண்டல் வேறயா?"

கவரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"இனிமே எங்க வீட்டுப் பக்கம் வந்துடாத. நாத்தம் ஒட்டிக்கும்."

படிகளில் ஈரக்கால் சத்தம் இறங்கியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றது. அவள் குரல் மட்டும் மேலே வந்தது.

"அதோ போறாரு பாருங்கடி லிஃப்டுல. அவருக்குன்னா பெட்டி தானா வாயைப் பிளக்கும்."

அவர் என்றால் பெரிய காண்ட்ராக்டர். அவர் கவர் பெட்டிக்குள் விழுந்தால் வேலை அவருக்குத்தான் என்பது ஆபீஸ் பூனைக்கும் தெரியும். இன்ஜினியர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அவரை அழைத்து வந்தார்.

காண்ட்ராக்டர் ஈரத் தடங்களைச் சுற்றி, ஷூ நனையாமல் நடந்தார். வாசனை தூக்கலாக இருந்தது.

இன்ஜினியர் பெட்டியைப் பார்த்தார். அரக்கைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். மூணு பத்து.

"என்னய்யா இது?"

"மூணு மணிக்குப் பூட்டிட்டேன் சார்."

"உள்ள யாரோடது இருக்கு?"

"யாரோடதும் இல்ல சார். காலிப் பெட்டி."

"காலின்னா?" காண்ட்ராக்டர் கேட்டார்.

"டெண்டர் ரத்துங்க. மறுபடி விளம்பரம் போடணும், மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் கிடங்குல பழைய ஆளுங்கதான்."

காண்ட்ராக்டர் இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "மூணேகால் வரைக்கும் வரலாம்னு நீங்கதானே சொன்னீங்க? டெண்டரோட வைக்கிற பேங்க் லெட்டரே இப்பதான் கைக்கு வந்துச்சு."

"அரக்கை உடைய்யா" என்றார் இன்ஜினியர்.

"உடைச்சா, முன்னாடி வந்த பொம்பளைங்களையும் கூப்பிடணும் சார். மூணு அஞ்சுக்குப் பெட்டி பூட்டியிருந்ததை ஏழு பேர் பார்த்துட்டுப் போயிருக்காங்க. எங்க அக்காவையே திருப்பி அனுப்பியிருக்கேன். ஊரைக் கூட்டிடுவா."

காண்ட்ராக்டர் கவரால் தன் தொடையைத் தட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் போய்விட்டார்.

"நாளையிலேர்ந்து உனக்கு எங்க வேலைன்னு தெரியுமா?" என்றார் இன்ஜினியர்.

"கிடங்குலயா சார்?"

"அங்கதான். கேட்டுல நின்னு லாரி எண்ணு. உன் அக்கா மூஞ்சியை தினம் பார்த்துக்கிட்டு நில்லு."

அவள் பார்க்க மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அவளிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் நாளைக்கே தெருவெல்லாம் பேச்சாகி, தம்பியும் அக்காவும் சேர்ந்து செய்த வேலை என்று சங்கத்தையே டெண்டரிலிருந்து தள்ளி வைத்துவிடுவார்கள்.

காலையில் இன்ஜினியர் அவன் தோளில் கைபோட்டு ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தார். அந்த ஸ்டூலில் ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

அவன் ஏறவில்லை.